அமெரிக்க ஆட்சியில் அமுக்கக் குழுக்கள்: மடிசன் கொள்கை பற்றிய ஒரு மதிப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பு 1787ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டபின், அதனை ஏற்குமாறு நியூயோர்க் மாநில மக்களை வேண்டி அலெக்சாண்டர் ஹமில்ற்றன், ஜேம்ஸ் மடிசன், ஜோன் ஜே ஆகிய மூவரும் ‘பப்ளியஸ்’ என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். ‘பெடரலிஸ்ற்’ என வழங்கும் நூல் இவற்றின் தொகுப்பேயாம். அவற்றுள் 1787 நவம்பரில் மடிசன் எழுதிய பத்தாங் கட்டுரை பெரிதும் போற்றப்படுவது. அரசியல் பயிலும் மாணவர் அதன் சாரத்தைப் பரீட்சைக்கென மனனஞ் செய்வர். ஆசிரியரும் அதனையே எடுத்தோதுவர். போற்றப்படும் அளவிற்கு அது சோதித்துப் பார்க்கப்படுகின்றதா என்பது ஐயத்திற்குரியது.

மடிசனின் வாதம் இதுவாகும். குடிமக்களுள் ஒரு பகுதியினர், அவர் பெரும்பான்மையினராயினுஞ் சரி, சிறுபான்மையினராயினுஞ் சரி, உணர்ச்சியாலோ தந்நலத்தாலோ ஒன்றுபட்டுப் பிறர் உரிமைக்கும் நாட்டின் நிலையான நன்மைக்கும் மாறாக இயங்குவராயின், அவர் ஒரு குழுவாவர். ‘கன்னை’ என்னும் வழக்குச் சொல் இதற்கு ஒருவாறு பொருந்தும். சொத்துப் பகிர்விலுள்ள ஏற்றத்தாழ்வே இத்தகைய குழுக்கள் தோன்றுதற்கு நிலையான காரணம். நிலமுடையோர், ஆலையுடையோர், வணிகர், கடன் கொடுத்தோர், கடன்பட்டோர் என நாகரிக நாடுகளில் மக்கள் பிரிந்தே நிற்பர். சுதந்திரத்தை ஒழித்தாலன்றிக் குழுக்களை ஒழித்தல் இயலாது. ஆனால் அம்மருந்து நோயினுங் கொடியது. ஆகவே குழுக்களின் விளைவை அடக்குதலே செய்யத்தக்கது. நாடு பரந்ததாயின் குழுக்கள் பலவாகும். பலவாயின் அவற்றுள் எதுவும் பெரும்பான்மை பெறுதல் அரிதாகும். ஒன்றை மற்றொன்று தடுத்து நிற்கும். 1788ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 51ஆங் கட்டுரை இதே எண்ணத்தை அரசாங்கத்தின் உறுப்புக்களுக்கும் பொருத்துகின்றது. பதவியிலிருப்போர் தத்தம் பதவிக்குரிய அதிகாரத்தைக் காக்க முனைவராதலால், அம்முனைப்பே காங்கிரசையும் சனாதிபதியையும் எல்லை கடவாமல் நிறுத்தும் என்பது அதன் கருத்து. வலுவேறாக்கக் கொள்கை வெறுங் காகிதக் கோடாக இல்லாது உயிருள்ள ஏற்பாடாதற்கு மடிசன் கண்ட வழி இதுவே.

கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வாதத்தில் ஓரிடம் வெறுமையாகக் கிடத்தல் புலப்படும். பெரும்பான்மைக் குழுவின் கொடுமை பற்றி விரிவாக எழுதிய மடிசன், சிறுபான்மைக் குழுவொன்று தீங்கு செய்ய முனைந்தால் யாது செய்வது என்னும் வினாவுக்கு, பெரும்பான்மையோர் வாக்களித்து அதனைத் தோற்கடிப்பர் என ஓரிரு வாக்கியங்களில் விடைகூறி அப்பாற் சென்றார். இதற்குக் காரணம் அறியத்தக்கதே. 1786ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கடன்பட்ட கமக்காரர் டானியல் ஷேஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு கிளர்ந்தெழுந்த நிகழ்ச்சி, சொத்துடையோர் நெஞ்சில் அச்சத்தை விதைத்திருந்தது. ஏழைப் பெரும்பான்மை திரண்டெழும் என்பதே அக்காலத்துப் பேரச்சம். அந்த அச்சத்தில் நோக்கு முழுவதும் ஒருபுறஞ் சாய்ந்தது. அமெரிக்க ஆட்சியைப் பின்னர்ப் பெரிதும் வருத்திய நோயோ, மடிசன் ஓரிரு வாக்கியங்களிற் கடந்துபோன பக்கத்திலிருந்தே வந்தது.

1930ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற ஹேர்பேட் ஹூவர், விலைவீழ்ச்சியால் இடருற்ற கமக்காரருக்கு உதவும் பொருட்டுத் தீர்வைகளைத் திருத்துவதாக வாக்களித்திருந்தார். நோக்கம் சிறியது; எல்லையும் வகுக்கப்பட்டது. ஆயின் பிரதிநிதிகள் சபையின் வழிவகை நிலைக்குழு, ஒரிகன் மாநிலத்தவரான வில்லிஸ் ஹோலியின் தலைமையில் 1929 சனவரியில் விசாரணைக்கு அமர்ந்தபோது, கமக்காரருக்கு முன்னதாக ஆலைக்காரர் வாயிலில் நின்றனர். 43 பகலும் 5 இரவும் நடந்த விசாரணையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தோன்றித் தத்தம் பண்டத்துக்குப் பாதுகாப்பு வேண்டினர். சாட்சியம் ஏறத்தாழ 11,000 பக்கங்களாக வளர்ந்தது. 1929 மே மாதத்திற் பிரதிநிதிகள் சபை 264 வாக்குக்கு 147 என்ற கணக்கில் அம்மசோதாவை நிறைவேற்றியது. பின்னர் அது செனற் சபைக்குச் சென்று, அங்கே 1,253 திருத்தங்களைப் பெற்றது.

செனற் சபையின் நிதி நிலைக்குழுவுக்குத் தலைவராயிருந்தவர் றீட் ஸ்மூற். அவர் பிரதிநிதித்துவப்படுத்திய யூற்றா மாநிலத்திற் சீனிக் கிழங்குப் பயிர்ச்செய்கை பெருந்தொழில். கியூபாவிலிருந்து வந்த சீனிக்கு இறாத்தலுக்கு 1.76 சதமாயிருந்த தீர்வை அச்சட்டத்தால் 2 சதமாயிற்று. ஏறிய தொகை ஒரு சதத்தின் கால்வாசியுமன்று. ஒருவர் ஆண்டுக்கு 100 இறாத்தல் சீனி உண்பதாகக் கொண்டாலும், அவருக்கு நேர்ந்த மேலதிகச் செலவு 24 சதமே. அத்தொகைக்காகத் தொழிலை விட்டு வாசிங்ரன் நகருக்குப் புகையிரதமேறி முறையிடுவார் யார்? கிழங்கு பயிரிட்டோருக்கும் சீனி ஆலைக்காரருக்குமோ அந்தக் கால் சதம் வாழ்வுக்கும் வீழ்வுக்கும் உரியது. வந்தவர் ஒரு சிலர், வராதவர் கோடிக்கணக்கினர். பெரும்பான்மையோர் வாக்களித்துத் தோற்கடிப்பர் என்ற மடிசனின் விடை, தமக்கு இழப்பு நேர்வதையே பெரும்பான்மையோர் உணராத இடத்திற் பயன்படாமற் போகின்றது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. குழுக்கள் ஒன்றையொன்று தடுக்கும் என்பது மடிசனின் எதிர்பார்ப்பு. 1930இல் அவை தடுக்கவில்லை, கூடின. சீனிக்கு வாக்களித்த உறுப்பினர் கம்பளிக்கு வாக்குப் பெற்றார். கம்பளிக்கு வாக்களித்தவர் சீமெந்துக்குப் பெற்றார். காடழித்துக் குடியேறிய அமெரிக்கர், வெட்டிய மரக்குற்றிகளை உருட்டி அகற்ற அயலார்க்கு உதவி, அவ்வுதவியைத் தாமும் திரும்பப் பெற்ற வழக்கத்தை நினைந்து இதனைக் ‘குற்றி உருட்டல்’ என்பர். ஒருவர் வயலில் மற்றவர் கைமாறாக உழைத்தல் போன்றது. ஊரில் அது நற்பண்பு. சட்டசபையிற் பொதுப்பணத்தைக் கொண்டு செய்யும்போது அதன் தன்மை வேறு. நாடு பரந்ததாயிருந்தமை இங்குக் காப்பாகவில்லை. பண்டங்கள் பலவாயிருந்தமையாலன்றோ பண்டமாற்று எளிதாயிற்று!

அவ்வாண்டில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் விடத்தக்கனவல்ல. கனெற்றிகற் மாநிலத்துச் செனற்றர் ஹைரம் பிங்கம், அம்மாநில உற்பத்தியாளர் சங்கத்தின் ஊழியர் ஒருவரைத் தமது எழுதுவினைஞராகப் பதிவுசெய்து, நிதி நிலைக்குழுவின் மூடிய கூட்டங்களுக்கும் உடனழைத்துச் சென்றார். பெருநாட்டு மலைகளில் மச்சுப்பிச்சு என்னும் பழைய நகரை 1911இல் உலகறியச் செய்தவரும் இவரே. 1929 நவம்பரிற் செனற் சபை 54 வாக்குக்கு 22 என்ற கணக்கில் அவரைக் கண்டித்தது. இது நீதி போலத் தோன்றும். ஆனால் அடுத்த மாதமே, பென்சில்வேனியா உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராயிருந்து உயர்ந்த தீர்வைக்காகப் பல்லாண்டு வாதாடிய ஜோசெப் கிறண்டி, வெறுமையாயிருந்த ஓர் ஆசனத்துக்கு நியமனம் பெற்றுச் செனற்றராகவே அச்சபையுள் நுழைந்தார். எழுதுவினைஞராக உள்ளே வந்தது குற்றமாயிற்று. உறுப்பினராக வந்தது முறையாயிற்று. பிங்கம் பெற்ற கண்டனத்தைக் காங்கிரசின் நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் கிறண்டியின் வருகையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

1930 மே மாதத்தில் 1,028 பொருளியலறிஞர் இம்மசோதாவைக் கையொப்பமிடாது மறுக்குமாறு சனாதிபதிக்கு விண்ணப்பித்தனர். செனற் சபை சூன் மாதத்தில் இறுதியாக வாக்களித்தபோது 44 பேர் ஆதரித்தனர். 42 பேர் எதிர்த்தனர். ஹூவர் வீற்றோ என்னும் மறுப்புரிமையைப் பயன்படுத்தாது சூன் 17ஆந் தேதி கையொப்பமிட்டார். கனடா முதலிய நாடுகள் பதிலுக்குத் தீர்வை விதித்தன. 1929இல் ஏறத்தாழ 440 கோடி டொலராயிருந்த அமெரிக்க இறக்குமதி 1932இல் அதன் மூன்றிலொரு பங்கிலுங் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் அச்சட்டத்தின் தலையிற் சுமத்துதல் தவறு. உலகப் பெருமந்தமே முதற் காரணம். எனினும் கோதுமையையும் பருத்தியையும் பிறநாடுகளில் விற்று வாழ்ந்த கமக்காரருக்கு, எவரை முன்னிட்டு முயற்சி தொடங்கியதோ அவருக்கே, சந்தை மேலும் சுருங்கியது என்பது மறுக்கவியலாதது.

இச்சட்டத்தின் விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்து ஈ. ஈ. ஷாற்ஷ்னைடர் 1935இல் வெளியிட்ட நூல், அமுக்கக் குழுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. எதிர்க்க வேண்டியவரும் தமக்கொரு பங்கு கிடைத்தவுடன் மௌனமாயினர் என்பதை அவர் நன்கு காட்டினார். 1951இல் டேவிட் ட்றூமன் எழுதிய நூல் மடிசனுக்குச் சார்பானது. ஒருவரே பல குழுக்களில் உறுப்பினராயிருத்தலால் எக்குழுவும் எல்லை மீறாது. மீறின், அதுவரை உறங்கிக் கிடந்த நலன்கள் விழித்தெழும் என்றார் அவர். இவ்விளக்கத்தின் குறையை 1965இல் மன்சர் ஒல்சன் எடுத்துக்காட்டினார். சிறுதொகையினர்க்குப் பெரும்பயன் கிட்டும்போது அவர் எளிதில் ஒன்றுசேர்வர்; பெருந்தொகையினர்க்குத் தலைக்குச் சிறிது இழப்பு நேரும்போது, பிறர் போராடட்டும் என ஒவ்வொருவரும் வாளாவிருப்பர். ஒல்சனின் கூற்றே சீனிக்கணக்குக்குப் பொருந்துகின்றது. ட்றூமன் கூறிய உறங்கும் நலன்கள் விழிப்பதற்கு, எவரேனும் தட்டி எழுப்ப வேண்டும். எழுப்புபவர் எவர் என்பதை அவர் தெளிவுபடுத்தினாரல்லர்.

வெஸ்ற்மினிஸ்ரர் முறையிற் பழகியோர்க்கு இந்நிகழ்ச்சிகள் வியப்பளிக்கும். அங்கு வரியைப் பிரேரிப்பவர் அமைச்சர். கட்சிக் கட்டுப்பாடு உறுப்பினரைப் பிணிக்கும். ஆகவே அமுக்கக் குழுவினர் அமைச்சரின் திணைக்களத்தையே நாடுவர். காங்கிரசிலோ மசோதாவின் உயிர் நிலைக்குழுவின் கையிலுள்ளது. உறுப்பினரின் பதவி அவரது தொகுதியின் கையிலுள்ளது. பிரதிநிதிகள் சபையினர் இரண்டாண்டுக்கொருமுறை வாக்காளர்முன் செல்லவேண்டியவர். தேர்தலுக்குப் பணம் வேண்டும். அரசாங்கத்திடம் முறையிடும் உரிமையை யாப்பின் முதலாந் திருத்தமே உறுதிசெய்தலால், செல்வாக்குத் தேடும் தொழிலை எவராலும் தடைசெய்தல் இயலாது. அதனைப் பதிவுசெய்யுமாறு 1946இலும் 1995இலும் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு பதிவான செலவு 2023இல் 400 கோடி டொலரைத் தாண்டியது.

காங்கிரஸ் தன் குறையை உணராமலிருக்கவில்லை. 1934இல் அது ஓர் அரிய காரியத்தைச் செய்தது. அயலுறவுச் செயலாளர் கோடெல் ஹல் வற்புறுத்தியவாறு, பிறநாடுகளுடன் உடன்படிக்கை செய்து தீர்வைகளை 50 வீதம் வரை குறைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதி பிராங்க்ளின் றூஸ்வெல்ற்றுக்கு மூன்றாண்டுக் காலத்துக்கு அளித்தது. இதன் உட்கருத்து நோக்கத்தக்கது. சனாதிபதி ஒரு தொகுதியால் அன்றி நாடு முழுவதாலும் தெரியப்படுபவர். யூற்றாவின் கிழங்கும் அவருக்குரியது. நியூயோர்க் நகரத்து உணவு மேசையும் அவருக்குரியது. பரந்த நாட்டிற் பல நலன்கள் ஒன்றையொன்று சமன்செய்யும் என மடிசன் கருதியது காங்கிரசில் நிறைவேறாது, அவர் எண்ணியிராத இடமாகிய சனாதிபதி பதவியிலேயே ஒருவாறு நிறைவேறியது எனலாம். அடுத்துவந்த 30 ஆண்டுகளில் அமெரிக்கத் தீர்வைகள் படிப்படியாகத் தாழ்ந்தன.

முதியோர் மருத்துவக் காப்புறுதியின் வரலாறும் இவ்வழியே செல்கின்றது. ஹரி ட்றூமன் 1945இல் தேசிய மருத்துவக் காப்புறுதியைப் பிரேரித்தபோது அமெரிக்க மருத்துவர் சங்கம் அதனை எதிர்த்து எழுந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டொலர் கேட்டுப் பிரசாரம் நடத்தி அதனை வீழ்த்தியது. 1964ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெருவெற்றி பெற்ற லின்டன் ஜோன்சன், முதியோருக்கேனும் அக்காப்புக் கிடைக்குமாறு 1965 சூலையிற் சட்டத்தில் ஒப்பமிட்டார்; முதுமையுற்றிருந்த ட்றூமன் அருகிருந்தார். உறங்கிய நலனைத் தட்டி எழுப்பியவர் சனாதிபதி, துணைநின்றது தேர்தல். எனினும் மருத்துவர் சங்கம் வெறுங்கையுடன் திரும்பவில்லை. மருத்துவத் தொழிலிற் தலையிடுவதில்லை என்ற உறுதியும், வழக்கமான கட்டணத்தை ஏற்கும் ஏற்பாடும் அச்சட்டத்தில் இடம்பெற்றன. சனாதிபதியின் வலிமை ஆணையிடுதலினும் இணங்கவைத்தலிலேயே தங்கியுள்ளது என 1960இல் றிச்சட் நியூஸ்ராட் எழுதியது இவ்வரலாற்றோடு நன்கு பொருந்தும்.

தீர்வைத் துறையில் அவர் கூற்றுப் பின்னர்ப் பொருந்தாமற் போயிற்று. 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மூன்று வேலிகள் இருந்தன: அதிகாரம் காலவரையறையுடையது, உடன்படிக்கையின் மூலமே செயற்படுவது, மாற்றத்துக்கு எல்லையுமுண்டு. பின்வந்த சட்டங்களில் வேலிகள் தளர்ந்தன. கென்னடி காலத்து 1962ஆம் ஆண்டு வாணிப விரிவுச் சட்டத்தின் 232ஆம் பிரிவு, தேசியப் பாதுகாப்பைக் காரணங்காட்டி இறக்குமதியைக் கட்டுப்படுத்தச் சனாதிபதிக்கு இடமளித்தது. 1977இல் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம் இயற்றப்பட்டது. 1917ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டத்தைச் சனாதிபதிகள் அளவிறந்து பயன்படுத்தியதைக் கட்டுப்படுத்துதற்கென வந்த சட்டம் இது. கட்டுவதற்கு வாங்கிய கயிறே ஏணியாயிற்று.

2018இல் டொனால்ட் ட்றம்ப் 232ஆம் பிரிவின்கீழ் உருக்குக்கு 25 வீதமும் அலுமினியத்துக்கு 10 வீதமும் தீர்வை விதித்தபோது, விலக்கு வேண்டிப் பல்லாயிரக்கணக்கான மனுக்கள் வர்த்தகத் திணைக்களத்தை வந்தடைந்தன. 2025 ஏப்பிரல் 2ஆந் தேதி, 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அவர் உலக நாடுகள் பெரும்பாலானவற்றின்மீது தீர்வை அறிவித்தார். அப்பட்டியலில் இலங்கைக்கு 44 வீதம் குறிக்கப்பட்டிருந்தது. ஆடை ஏற்றுமதிக்கு அமெரிக்காவையே பெருஞ்சந்தையாகக் கொண்ட இந்நாட்டில், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்கும் மடிசனின் கட்டுரைக்கும் அன்று தொடர்பு ஏற்பட்டது. அவ்வீதம் சூலையில் 30 ஆகவும் பின்னர் 20 ஆகவும் குறைந்தது. ஏப்பிரல் 11ஆந் தேதியே கைத்தொலைபேசியும் கணினியும் விலக்குப் பெற்றன. ஓகஸ்ற் 6ஆந் தேதி அப்பிள் நிறுவனத்தின் தலைவர் வெள்ளை மாளிகையிற் சனாதிபதிக்கு 24 கரற் பொன்னாலான பீடத்தில் அமைந்த கண்ணாடி வட்டொன்றைப் பரிசளித்தார். அதே நிகழ்ச்சியில், குறைகடத்திகளுக்கு 100 வீதத் தீர்வையும், அமெரிக்காவில் உற்பத்திக்கு முதலிடுவோர்க்கு விலக்கும் வரும் எனச் சனாதிபதி அறிவித்தார். பரிசுக்கும் விலக்குக்கும் காரணகாரியத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. 1929இல் நிலைக்குழுவின் கதவருகே நின்ற வரிசை இப்பொழுது வேறொரு கதவருகே நிற்கின்றது என்பதைக் கண்டால் அமையும். ஒரு வேற்றுமையுண்டு. அன்று 11,000 பக்கங்களில் யார் எதைக் கேட்டார் என்பது பதிவாயிற்று. ஷாற்ஷ்னைடர் ஆறாண்டின் பின் அதனைப் படித்து நூலெழுத முடிந்தது. ஒருவரின் அறையில் நிகழும் உரையாடலுக்கு அத்தகைய பதிவு இல்லை.

இவ்விடத்திற் குற்றத்தை ஒரு சனாதிபதியின் இயல்பிற் கண்டு அமைதியடைவோர் பலர். அது முழுமையான நோக்கன்று. எத்தகையவர் பதவிக்கு வரினும் காங்கிரஸ் தன் அதிகாரத்தைக் காக்கும் என்பதன்றோ 51ஆங் கட்டுரையின் உயிர்நாடி? அவசரகால அறிவிப்பைக் காங்கிரஸ் தன் தீர்மானத்தாலேயே முடிவுறுத்தலாம் என 1976ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்தது. அத்தகைய தீர்மானங்கள் செல்லாவென 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், சனாதிபதியின் மறுப்புக்கு உட்பட்ட கூட்டுத் தீர்மானமே தேவை என 1985இல் சட்டம் மாறிற்று. எனவே இரு சபைகளிலும் மூன்றிலிரண்டு பங்கினர் சேர்ந்தாலன்றி அளித்த அதிகாரத்தை மீட்டல் இயலாது. 2025இல் வழக்காடியவர் வணிகரும் சில மாநிலங்களும்; அவர்களின் வழக்கே அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. அதிகாரத்தை இழந்த காங்கிரஸ் வழக்காளியாக நிற்கவில்லை.

கனடா மீதான தீர்வைக்கு ஆதாரமாயிருந்த அவசரகால அறிவிப்பை நீக்கும் தீர்மானத்தைச் செனற் சபை 2025 ஏப்பிரல் 2ஆந் தேதி 51 வாக்குக்கு 48 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சனாதிபதியின் கட்சியைச் சார்ந்த நால்வரும் அதனை ஆதரித்தனர். பிரதிநிதிகள் சபையோ அதற்கு முன்னரே ஆவன செய்திருந்தது. இத்தகைய தீர்மானத்தை நிலைக்குழு 15 நாட்களுக்குள் சபைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதன்பின் எந்த உறுப்பினரும் வாக்கெடுப்புக் கோரலாம். மார்ச் மாதத்தில் அச்சபை ஒரு விதியை நிறைவேற்றியது. அவ்வறிவிப்பை நீக்கும் தீர்மானத்தைப் பொறுத்தவரை, அக்கூட்டத்தொடரில் எஞ்சிய நாட்களுள் எதுவும் நாளாகக் கொள்ளப்படமாட்டாது என்பதே அவ்விதி. தம் பதவியின் அதிகாரத்தினும் கட்சித் தலைவரின் விருப்பமே பெரும்பான்மை உறுப்பினர்க்கு மேலானதாயிற்று. வசந்தமும் கோடையும் சென்று இலையுதிர் காலமும் வந்தது. பிரதிநிதிகள் சபையின் கணக்கில் அந்தப் பதினைந்து நாட்களுள் ஒன்றும் கழியவில்லை.